குன்னூரில் கிடைத்த ரேஸ் சைக்கிளின் வயதும் ஊரும்

பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று கைக்கு வந்தால் முதல் வேலையாகப் பின் சக்கரத்தின் நடுவில் கம்பிகள் வந்து சேரும் உருளையை, அதாவது ஹப்பை, துடையுங்கள். பிரேம் நம்பரைத் தேடிப் பெயின்ட்டைச் சுரண்டுவதெல்லாம் அப்புறம். குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவின் விறகுக் கொட்டகையில் கிடந்து என்னிடம் வந்த வண்டி எந்த வருடத்தது என்று எனக்குப் பிடிபட்டது அந்த ஹப்பில்தான்.

வளைந்த ஹேண்டில்பார், ஒல்லியான பிரேம், அதன் மேல் யாரோ பிரஷ்ஷால் பூசிய கறுப்பு எனாமல். முன்பக்கத்து பேட்ஜைக் காணோம், அது இருந்த இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு ஓட்டைகள் மட்டும். பார்த்தவர்கள் எல்லோரும் "வெள்ளைக்காரன் காலத்து வண்டி, யுத்தத்துக்கு முன்னாடியே வந்திருக்கும்" என்றார்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தத் தோட்டங்களில் வெள்ளைக்கார மேனேஜர்கள் இருந்தார்களே, அதை வைத்து எப்படி வருடம் சொல்வது?

எங்கள் ஐப்பசி மழைக்கும் மேகத்துக்கும் எந்த இரும்பும் தப்பாது, ஹப் முழுக்கத் துரு. அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் குரோமில் கீறல் விழாமல் துரு கறுப்புக் குழம்பாக வெளியே வரும், துடைத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். மெதுவாக ஸ்டர்மி-ஆர்ச்சர் என்று ஹப் செய்த கம்பெனியின் பெயர் தெரிந்தது, பிறகு எஃப்எம் என்ற எழுத்துகள், அதன் பக்கத்தில் 53, அப்புறம் ஒரு 4. எஃப்எம் என்றால் நான்கு கியர் உள்ள ஹப். 53 வருடம், 4 மாதம். 1953 ஏப்ரல்! முப்பதுகளின் கடைசியில் வருடத்துக்கு ஒற்றை இலக்கம்தான் குத்தினார்கள், 8 என்றிருந்தால் 1938. அதனால் யுத்தத்துக்கு முந்தையது என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

சரி, ஹப்பின் வயது தெரிந்தது, அதுவே வண்டியின் வயதாகுமா? சக்கரம் மாற்றியிருக்கலாம் அல்லவா. அதற்கான பதில் டயரில் கிடைத்தது. கடையில் வாங்கிய 26 இன்ச் டயர் ரிம்மில் ஏறவே இல்லை. துருவைத் துடைத்துப் பார்த்தால் முன், பின் இரண்டு ரிம்மிலும் 26×1¼ என்று இருக்கிறது, கடை டயரோ 26×1⅜. பெயரில் இரண்டுமே 26, ஆனால் டயர் உட்காரும் விட்டம் முதலாவதுக்கு 597 மில்லிமீட்டர், இரண்டாவதுக்கு 590. அந்த 26×1¼ அந்தக் காலத்து இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் சைக்கிள்களுக்கு உரிய அளவு, நம் ஊர் பெரிய சைக்கிள்கள் 28×1½. இரண்டு ரிம்மும் ஒரே ஜோடி, ஹப்பின் வருடத்தோடும் பொருந்துகிறது என்றதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மீதி பி.பி. கப்பில் இருந்தது, பெடல் அச்சு சுழலும் இடத்தில் பிரேமுக்குள் மரையால் திருகும் கிண்ணம் அது. மெக்கானிக் அண்ணன் புது கப்பைத் திருகினார், ஒன்றரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, பலம் போடாமல் நிறுத்தினார். பழைய கப்பை எடுத்துக்கொண்டு அருவங்காட்டில் ரிட்டயர்டு டர்னர் ஒருவரிடம் போனேன். அவர் மரை அளக்கும் தகடுகள் கொண்ட த்ரெட் கேஜை விசிறி போல விரித்து, 24 போட்ட தகட்டை மரையில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார், இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அடுத்து 26. வெளிச்சமே இல்லை. "இன்ச்சுக்கு இருபத்தாறு மரை, கண்ணு. இது சாதாரண கப் இல்ல" என்றார். மற்ற இங்கிலாந்து கம்பெனிகள் 24 போட்ட இடத்தில் தனக்கென்று 26 வைத்திருந்தது ராலே. ஸ்டர்மி-ஆர்ச்சரும் ராலேக்குச் சொந்தமான கம்பெனிதான், இரண்டுக்கும் ஊர் நாட்டிங்ஹாம்.

ஆனால் ஐம்பதுகளில் மேற்கு வங்காளத்து ஆசன்சோலிலும் ராலேயோடு கூட்டுச் சேர்ந்து சென்-ராலே என்ற கம்பெனியில் சைக்கிள் செய்தார்கள், எனவே இது அங்கிருந்து வந்ததா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. பெயின்ட் ரிமூவர் ஊற்றினால் அடியில் இருக்கும் ஸ்டிக்கரும் கரைந்து போகும். ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும், சீட்டுக்குக் கீழே இறங்கும் பாரில் தேய்த்தேன். கறுப்பு போய்ப் பச்சை வந்தது, பச்சையில் தங்க நிறத்து எழுத்துகள் பாதி பாதியாக, நாட்டிங்ஹாம், இங்கிலாந்து. அதற்கு மேலே 531. அது 1935 முதல் ரெனால்ட்ஸ் கம்பெனி கொடுத்த நல்ல ரகக் குழாய். பிரேம் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பிரேம் நம்பரும் கிடைத்தது, ஆனால் ராலேயின் நம்பர்கள் ஒரே வரிசையாக ஓடவில்லை, அதை மட்டும் வைத்து யாராவது வருடம் சொன்னால் நம்பாதீர்கள். ஹப், ரிம், மரை, ஸ்டிக்கர் நான்கும் ஒன்றையே சொல்வதால்தான் 1953 வாக்கில் நாட்டிங்ஹாமில் செய்த ராலே என்று தைரியமாகச் சொல்கிறேன்.

பழைய கப்பையே மண்ணெண்ணெயில் கழுவி, கால் இன்ச் பால்ஸ் புதிதாகப் போட்டாகிவிட்டது. யாரிடமாவது 597 அளவு டயர் இருந்தால் சொல்லுங்கள், ஒரு ஜோடி வேண்டும்.