ஒரே காரில் இரண்டு வாக்குகள்

2017 அக்டோபரில் அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், டொனிகல் மாவட்டத்து லெட்டர்கென்னி ஊரில் நானும் கணவரும் வந்து இறங்கியபோது மழைக்கும் குளிருக்கும் தயாராகத்தான் வந்திருந்தோம். ஆறு மாதத்துக்குள் அந்நாட்டு அரசியலமைப்பின் ஒரு திருத்தத்தைப் பற்றிச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எங்களுக்கு மாடிப் பகுதியை வாடகைக்குக் கொடுத்தவர், தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற 72 வயது அம்மா. பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மாச்சி வயதுடையவரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு கூசியது. பல மாதங்கள் பெயரே சொல்லாமல், அவர் திரும்பிப் பார்க்கும் வரை எதிரில் நின்று பேச்சைத் தொடங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல்தோறும் பக்கத்து ஊரான ராமெல்டனிலிருந்து அவருடைய தோழி தேநீருக்கு வருவார். வீட்டுக்கார அம்மா குன்றின் மேல் நிற்கும் பேராலயத்துக்கு நாள் தவறாமல் திருப்பலிக்குப் போகும் கத்தோலிக்கர். தோழியோ பிரஸ்பிட்டேரியன் என்னும் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்தவர். பழகத் தொடங்கிய காலம் முதல் எல்லாப் பொது வாக்கெடுப்புகளிலும் எதிரெதிராகவே வாக்களித்து வந்திருப்பதாக இருவரும் ஒருவித பெருமையோடு சொல்வார்கள். 1983 கருக்கலைப்பு, 1986 மணமுறிவு, மீண்டும் 1995 மணமுறிவு, 2015 ஒருபால் திருமணம் என்று அந்தப் பட்டியல் நீளும்.

1983-இல் சேர்க்கப்பட்ட 8-ஆவது திருத்தம், கருவில் உள்ள உயிரின் வாழும் உரிமையைத் தாயின் வாழும் உரிமைக்குச் சமமாக வைத்தது. தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் தவிர கருக்கலைப்பு கிடையாது. நடைமுறையில் பெண்கள் கப்பலிலோ விமானத்திலோ இங்கிலாந்துக்குப் போனார்கள். அங்குள்ள மருத்துவமனைகளில் அயர்லாந்து முகவரி கொடுத்துக் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் 2016-இல் மட்டும் 3,265 பேர். லெட்டர்கென்னியிலிருந்து அரை மணி நேரத்தில் எல்லையைத் தாண்டி வட அயர்லாந்துக்குப் போய்விடலாம் என்றாலும் அப்போது அதில் பயனிருக்கவில்லை, ஏனெனில் கருக்கலைப்பை அனுமதித்த பிரிட்டனின் 1967 சட்டம் அங்கே செல்லுபடியாகவில்லை. இந்தத் திருத்தத்தை நீக்கலாமா என்று கேட்கும் வாக்கெடுப்பு 2018 மே 25 அன்று நடக்கும் என்று அறிவிப்பு வந்தபோது நான் ஐந்தாம் மாதக் கர்ப்பிணி.

சாலையின் விளக்குக் கம்பங்கள் எல்லாம் தட்டிகளால் நிறைந்தன. ஒரே கம்பத்தில் மேலே 'வேண்டாம்' என்றும் கீழே 'ஆம்' என்றும் தொங்கும். அவற்றைவிட எனக்குச் சிரமமாக இருந்தது பேருந்து நிறுத்தம்தான். என் இந்திய முகத்தையும் வயிற்றையும் பார்த்து, அறிமுகமே இல்லாதவர்கள் சவிதா ஹலப்பனவரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். கர்நாடகத்திலிருந்து வந்து கால்வேயில் வாழ்ந்த அந்தப் பல் மருத்துவர், 2012 அக்டோபரில் 17 வாரக் கரு கலைந்துகொண்டிருந்த நிலையில், கருவின் இதயத்துடிப்பு இன்னும் இருக்கிறது என்ற காரணத்தால் கேட்ட சிகிச்சை மறுக்கப்பட்டு, ரத்தத்தில் நச்சுத்தொற்று பரவி 31 வயதில் இறந்தார். 'இது கத்தோலிக்க நாடு' என்று அவரிடம் சொல்லப்பட்டது மரண விசாரணையில் பதிவாகியிருக்கிறது. பேசியவர்கள் அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். ஆனாலும் இறந்தவளுக்கு உறவுக்காரியைப் போல என்னைப் பார்த்து அவர்கள் கண்கலங்கும்போது, அன்று இரவு எனக்குத் தூக்கம் போய்விடும்.

'ஆம்' தரப்பில் இருந்த ராமெல்டன் தோழிக்கு, சவிதாவின் பெயரைவிட வலுவான வாதம் வேறு இருந்திருக்காது. அவர் என் முன்னால் ஒருமுறைகூட அதை எடுக்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் தனியே நின்றபோது மட்டும், "உங்களிடம் அவரைப் பற்றிப் பேசலாமா, அல்லது வேண்டாமா?" என்று கேட்டார். பிள்ளை பிறக்கும் வரை வேண்டாம் என்றேன். அதோடு சரி.

அவருடைய வாதம் வேறு. ஒரு சபையின் போதனையை எல்லோருக்குமான அரசியலமைப்பில் எழுதியது 1983-லேயே பிழை என்பது அவர் எண்ணம்; கருக்கலைப்போ அவருக்கே மனத்துக்கு ஒப்பாத காரியம். வீட்டுக்கார அம்மாவோ, பேச வாயில்லாத உயிருக்குச் சட்டத்தில் ஒரு வரி இருக்கட்டும், அதை எடுத்துவிட்டால் பிறகு யார் அதற்காகப் பேசுவார்கள் என்பார். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர், "நான் புரிந்துகொண்டது சரியா பார்" என்று அதையே தம் சொற்களில் திருப்பிச் சொல்வார். சரியில்லை என்றால் முதலில் சொன்னவர் திருத்துவார். முதலில் எனக்கு இது வகுப்பறைப் பழக்கம் போலத் தோன்றி அலுப்பூட்டியது. பாதி நேரம் சண்டை தொடங்கும் முன்பே தேநீர் ஆறிப்போகும்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமையில்தான் நான் வாயைக் கொடுத்தேன். "எங்கள் நாட்டில் 1971-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது, நீங்கள் ஏன் இன்னும் இதில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டதில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. வீட்டுக்கார அம்மா கோபப்படவில்லை. "அப்படியானால் அங்கே இந்தக் கேள்வி முடிந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

முடிந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1988-இல் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். பிறந்ததும் மூன்று இரவுகள் அம்மாச்சி தூங்காமல் என்னை மடியைவிட்டு இறக்கவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அது பாசம் என்றே நினைத்திருந்தேன். கள்ளிப்பால் என்ற சொல்லின் பொருள் புரிந்த வயதில்தான் அந்த மூன்று இரவுகளும் புரிந்தன. 1992-இல் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குள் ஸ்கேன் மையங்கள் வந்துவிட்டன. கள்ளிப்பாலுக்கு வேலையில்லாமல் கருவிலேயே கதை முடிந்தது. கருவின் பாலினத்தைச் சொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1994-இல் வந்தது. பெண்ணுக்கு உரிமை கொடுத்த அதே சட்டம், மாமியாரும் கணவனும் முடிவெடுக்கும் வீட்டில் வேறு ஒன்றாக மாறிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இவ்வளவையும் அரைகுறை ஆங்கிலத்தில், இடையிடையே அழுதுகொண்டு, அவர்களிடம் சொன்னேன்.

'வேண்டாம்' தரப்புக்குக் கையில் வந்து விழுந்த பழம் அது. "பார்த்தாயா?" என்று தோழியிடம் வீட்டுக்கார அம்மா திரும்பியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் எழுந்து கெண்டியில் புதிதாகத் தேநீர் ஊற்றி, "உங்கள் அம்மாச்சி இப்போது இருக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு வந்த வாரங்களில் எத்தனையோ முறை விவாதம் சூடேறியது. என் கதையை இருவருமே தொடவில்லை. சவிதாவின் மரணத்தைத் தோழி விட்டுவைத்ததும், அம்மாச்சியின் மடியை வீட்டுக்கார அம்மா விட்டுவைத்ததும் ஒரே காரியம் என்பது எனக்குப் பிடிபடச் சில நாட்கள் ஆயின. எதிரே உட்கார்ந்திருப்பவளின் துக்கத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி ஆதாரமாக வீசக் கூடாது என்பது அவர்களுக்குள் சொல்லப்படாத விதி. வேறு எதையும் வீசலாம், வீசினார்கள்.

அந்த மாதம் தனியார் ஸ்கேன் ஒன்றுக்குப் போனபோது, கருவியை வயிற்றில் நகர்த்திக்கொண்டிருந்த பெண் சிரித்தபடி, "ஆணா பெண்ணா, தெரிந்துகொள்ள விருப்பமா?" என்று கேட்டார். பிடிபட்ட குற்றவாளியைப் போல் என் உள்ளங்கை வியர்த்தது. வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தைக் கண்டு அவர் திரையைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். வீட்டுக்கார அம்மா மஞ்சள் நூலில் குல்லாய் பின்னத் தொடங்கினார்.

எல்லாவற்றையும் அவர்கள் பேசித் தீர்த்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கத்து நகரத்தை ஒருவர் டெரி என்பார், மற்றவர் லண்டன்டெரி என்பார்; எந்தப் பெயரைச் சொல்கிறீர்கள் என்பதிலேயே மதமும் அரசியலும் வெளிப்பட்டுவிடும். இதை ஒருநாளும் விவாதித்ததில்லை. அவரவர் வாயில் அவரவர் பெயர் வரும், பேச்சு மேலே போகும். எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவோ, தீபாவளி விருந்தில் யாரோ மாட்டிறைச்சி சமைத்து வந்ததில் தொடங்கி, தேர்தல், கோயில் என்று ஓடி இரண்டாக உடைந்தது. அதில் நானும் ஒரு படத்தை எடுத்து வீசினேன். யாருடைய துக்கம் அது என்று பார்க்கவில்லை.

மே 25 வெள்ளிக்கிழமை. அயர்லாந்துக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு என்பதால் எனக்கு அங்கே வேலை இல்லை. தோழிக்குக் கண்ணில் புரை நீக்கியிருந்ததால் கார் ஓட்டக் கூடாது. வீட்டுக்கார அம்மா ராமெல்டனுக்குப் போய் அவரை ஏற்றி வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனார். விடுப்பு எடுத்திருந்த நான் பின் இருக்கையில் இருந்தேன். "உன் வாக்கும் என் வாக்கும் கழிந்துவிடுகின்றன. இருவரும் அடுப்பங்கரையிலேயே இருந்திருக்கலாம்" என்றார் தோழி. "இருந்திருக்கலாம்தான், நீ நழுவிப் போய்ப் போட்டுவிட மாட்டாய் என்று எனக்கு நம்பிக்கை இருந்திருந்தால்" என்றார் இவர். தோழியை இறக்கிவிட்டு, அவர் படியேறி உள்ளே போகும் வரை காரின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

நாடு முழுவதும் 66.4 சதவீதம் 'ஆம்'. நாற்பது தொகுதிகளில் டொனிகல் ஒன்று மட்டும் 51.9 சதவீதத்தோடு 'வேண்டாம்' என்றது. சனிக்கிழமை வீட்டுக்கார அம்மா வானொலியை அணைத்துவிட்டுத் தோட்டத்திலேயே இருந்தார். நானும் கீழே இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து, கோதுமை ரொட்டியோடு தோழி வந்தார். பல வாரங்களாக அவருடைய கோட்டில் இருந்த 'ஆம்' சின்னம் இல்லை. குத்தியிருந்த இடத்தில் கம்பளியில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தன. வீட்டுக்கார அம்மா அதைப் பார்த்தார்.

"வென்ற பிறகு ஏன் கழற்றினாய்?"

"உன் வீட்டுக்கு வருகிறேன் என்பதால்."

"முன்பும் என் வீட்டுக்குத்தானே போட்டுக்கொண்டு வந்தாய்? சரி, நாடு உனக்கு, மாவட்டம் எனக்கு. உட்கார்."

இரண்டாவது கோப்பை ஊற்றுவதற்குள், வரப்போகும் சட்டத்தில் சொல்லப்பட்டிருந்த மூன்று நாள் காத்திருப்புக் காலம் போதுமா, அப்படி ஒன்று தேவையா என்று தொடங்கிவிட்டார்கள். நான் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன்.