பழைய ஸ்பீடோமீட்டர்: முள்ளைத் தொடும் முன் ஓடோமீட்டரைப் பாருங்கள்

பழைய காரின் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டினால் உடனே அதைக் கழற்றிப் பிரிக்கத் தேவையில்லை. கோளாறு எங்கே என்று, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரே சொல்லிவிடும்.

அந்த டப்பாவுக்குள் இருப்பவை இரண்டு தனிக் கருவிகள். வழக்கமாகக் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் அதோடு சேர்ந்த முள்ளையும் இழுக்கிறது. மெல்லிய ஹேர்ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஓடோமீட்டரோ அதே தண்டிலிருந்து வோர்ம் கியர் (திருகுப் பல்சக்கரம்) வழியாகப் பல்லோடு பல் பொருந்தி ஓடுவது. அது நின்றுபோகலாம், எண் தாவலாம். தன் சொந்தக் கோளாறால், சீராக ஓடிக்கொண்டே பத்து சதவீதம் குறைத்துக் காட்டாது.

ஆகவே தூரம் தெரிந்த சாலையில் ஓட்டிப் பாருங்கள். தூரம் சரி, வேகம் மட்டும் தப்பு என்றால் கோளாறு மீட்டருக்குள். இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பு என்றால் மீட்டரைத் திறக்காதீர்கள்: டயர் அளவோ பின் அச்சின் பல் விகிதமோ மாறியிருக்கும், அல்லது வேறு காரின் மீட்டரை யாரோ மாட்டியிருப்பார்கள். பழைய கார்களில் கடைசிக் காரணம் மிகச் சாதாரணம், ஏனென்றால் டயல் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பல் கணக்கு வேறாக இருக்கும்.

அந்தக் கணக்கு பெரும்பாலும் டயலிலேயே இருக்கிறது. ஸ்மித்ஸ், பிரிட்டிஷ் ஜேகர் கம்பெனிகளின் மீட்டர்களில் டயலின் கீழ்ப்பக்கம் எழுத்தும் எண்ணும் கலந்த மாடல் குறியீடு இருக்கும். அதை ஒட்டித் தனியாக 1000, 1280, 1600 போல ஓர் எண். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் அது. கிலோமீட்டர் டயலானால் கிலோமீட்டருக்கான சுற்று: மைலுக்கு 1280 என்பது அங்கே சுமார் 795 ஆகும். விடிஓ கம்பெனி மீட்டர்களில் 'டபிள்யூ = 1,0' என்பது ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு சுற்று. அமெரிக்க மீட்டர்களில் மைலுக்கு 1000 சுற்று என்பதே வழக்கம். டயலுக்கு மறுபூச்சு அடித்து எண் மறைந்துபோயிருந்தால், தண்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். ட்ரிப் மீட்டரில் 0.1 மைல் நகர 128 சுற்று ஆனால் அது 1280.

இனி கார் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, அதன் உறைக்குள் சுழலும் உள்கம்பியின் நுனியில் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி, கியரை நியூட்ரலில் வைத்து 16.09 மீட்டர் நேராகத் தள்ளுங்கள். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. அட்டை 12.8 சுற்று சுற்றினால் தேவை 1280. டயர்க் காற்று சரியாக இருக்கட்டும், காரில் வழக்கமான எடை இருக்கட்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் கேபிள் ஓடுவது இடது முன்சக்கரத்திலிருந்து. அங்கே கியர்பாக்ஸில் தேடாதீர்கள்.

முள் ஆடினால் முதல் சந்தேகம் கேபிள் மேல். உள்கம்பியை உருவிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். துள்ளினால் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும். உறையை 150 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக எங்கும் மடக்கக் கூடாது. கிரீஸ் லேசாகப் போதும், மீட்டர்ப் பக்கம் கடைசி 20 சென்டிமீட்டர் துடைத்து உலர்வாக இருக்க வேண்டும். அதிகமாகப் பூசினால் உள்கம்பி திருகாணிபோல் கிரீஸை மேலே ஏற்றிவிடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் அது புகுந்தால் முள் மெதுவான வேகத்திலும் கடைசி எண்ணுக்குத் தாவும்.

மீட்டரைத் திறந்தே ஆக வேண்டுமென்றால், முகப்புக் கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான பெசலில் தொடங்குங்கள். ஸ்மித்ஸ் பெசலின் நாக்குகள் உறையிலுள்ள பள்ளங்களுக்கு நேராக வரும்வரை திருகினால் கழன்றுவிடும். துரு இருந்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். நெம்பினால் ஓரம் கோணும். விடிஓ பெசல் மடித்து இறுக்கியது. விளிம்பைச் சிறிது சிறிதாகச் சுற்றி நிமிர்த்த வேண்டும், பல சமயம் புதுப் பெசல்தான் போட வேண்டியிருக்கும்.

கைவேலையில் கவனம் வேண்டிய இடம் முள். பூஜ்யத்தில் அது ஒரு குச்சியில் முட்டி நிற்கிறதே, அது அதன் உண்மையான ஓய்விடம் அல்ல. முள்ளைக் குச்சிக்கு மேலே மெல்லத் தூக்கி விடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே எங்கோ போய் நிற்கும். அந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். டயல் மேல் மெல்லிய அட்டை விரித்து, இரண்டு தேக்கரண்டிகளை எதிரெதிரே வைத்து ஒரே சமயத்தில் நெம்பினால் நேராக மேலே வரும். ஒருபக்கமாக இழுத்தால் மயிரிழைத் தண்டு வளையும், பிறகு கிண்ணம் காந்தத்தில் உரசும்.

டயல் எழுத்தின் மேல் பெட்ரோல், தின்னர் எதுவும் படக் கூடாது. ஈரப் பஞ்சால் ஓரத்தில் சோதித்த பிறகுதான் நடுவுக்கு வர வேண்டும். இருட்டில் ஒளிரும் பூச்சுள்ள பழைய டயலைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. அது ரேடியமாக இருக்கலாம். ஒளி செத்துப்போனாலும் கதிரியக்கம் போகாது, ரேடியம்-226-ன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு.

கீச்சென்று கத்தும் மீட்டரில் காந்தத் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் வறண்டிருக்கும். பழைய மசகை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். ஸ்ப்ரே எண்ணெய் அடிக்காதீர்கள்.

அளவு சரிபார்க்க, பழைய உள்கம்பியின் வெட்டிய துண்டை வேகம் மாற்றக்கூடிய ட்ரில்லில் மாட்டுங்கள். டயலில் 1280 என்றிருக்கும் மீட்டரானால் நிமிடத்துக்கு 1280 சுற்றில் 60 மைல், 640-ல் 30 மைல் காட்ட வேண்டும். முள் குச்சியிலேயே அழுத்தி நின்றால் ட்ரில் எதிர்த்திசையில் சுற்றுகிறது. எல்லா வேகத்திலும் ஒரே 5 மைல் குறைந்தால் முள்ளின் அல்லது ஸ்பிரிங்கின் ஓய்விடம் தவறு. 30-ல் 3, 60-ல் 6 என்று வேகத்தோடு வளர்ந்தால் காந்தம் வலுவிழந்திருக்கிறது. இரண்டாவதை முள்ளைத் திருப்பி வைத்துச் சரிக்கட்டுவோர் உண்டு. ஒரு வேகத்தில் பொருந்தும், மற்றவற்றில் பொய் சொல்லும். காந்தத்தின் வலுவை முழுதாக ஏற்றி, பிறகு படிப்படியாகக் குறைத்து அளவுக்குப் பொருத்துவதுதான் முறை. அதற்கான கருவி இல்லாவிட்டால் அந்த வேலையை மீட்டர் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது உள்கம்பி உறைக்கு வெளியே சுமார் 10 மில்லிமீட்டர் நீண்டிருக்கட்டும். குறைந்தால் தண்டைப் பிடிக்காது. கூடினால் நட்டை இறுக்க இறுக்கக் கம்பி காந்தத்தை மேலே தள்ளிவிடும். சரிசெய்த புஷ் மறுபடி தேயும். நட்டைக் கையால் இறுக்கினால் போதும், ப்ளையர் வேண்டாம்.