பஞ்சமத்தை அரைச் சுரம் இறக்கியவர்

வொய்வோட் என்ற மெட்டல் பேண்டின் ‘கில்லிங் டெக்னாலஜி’ ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. த்ராஷ் மெட்டல் என்றால் வேகம், கோபம், இறுக்கமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) என்று பழகியிருந்த காது அது. இதிலும் வேகம் இருந்தது, கோபமும் இருந்தது, ஆனால் கிட்டார் மட்டும் யாரோ தப்பான கட்டத்தில் விரலை வைத்துவிட்டு அதையே விடாப்பிடியாக வாசிப்பதுபோல ஒலித்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் கழித்து, அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றுகொண்டிருக்கிறேன், மண்டைக்குள் அந்தத் தப்பான ஒலிதான் ஓடுகிறது. அதுவரை நான் விரும்பிக் கேட்ட எத்தனையோ ரிஃப்களில் ஒன்றுகூட அப்படித் தானாகத் திரும்பி வந்ததில்லை.

அது ஏன் அப்படி ஒலிக்கிறது என்று வீட்டில் கிட்டாரை வைத்துக்கொண்டு தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. மெட்டலின் அடிப்படை பவர் கார்ட், இரண்டு சுரங்களைச் சேர்த்து அடிப்பது. நம் பாஷையில் சொன்னால் ச-வும் ப-வும், தம்புராவில் கேட்கிறோமே, அதேதான். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வழியாக இரண்டு சுரங்கள் சேர்ந்து போகும்போது அவற்றுக்கு இடையே புதிய அதிர்வுகள் பிறக்கும். ச-ப என்றால் அந்தப் புதிய அதிர்வுகளும் ஒத்துப்போய் ஒலி இன்னும் கனமாகும், வேறு சுரங்களைச் சேர்த்தால் உறுமலும் இரைச்சலுமாகக் கலங்கிவிடும். அதனால்தான் பெரும்பாலான பேண்டுகள் ச-ப-வை விட்டு அதிகம் நகர்வதில்லை. வொய்வோடின் கிட்டாரிஸ்ட் பிக்கி (டெனி டாமூர்) அந்தக் கலங்கலுக்குள்தான் போய் உட்கார்ந்தார். பஞ்சமத்தை அரைச் சுரம் இறக்கினால் பிரதி மத்யமம், அதை அடித்தளமாக வைத்து மேல் தந்திகளில் ஒன்றோடொன்று உரசும் சுரங்களை அடுக்கினார். டோனையும் அடர்த்தியாக வைக்காமல் மெல்லியதாக, கூராக வைத்துக்கொண்டதால் அந்த உரசல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அடியில் பேண்டின் பேஸ் கிட்டாரிஸ்ட் பிளாக்கியின் பேஸும் டிஸ்டார்ஷனோடு உறுமிக்கொண்டே இருப்பதால் கிட்டார் கனத்தைச் சுமக்க வேண்டிய அவசியமே இல்லை, அது நிறம் கொடுக்கப் போய்விடுகிறது.

இவர்கள் கனடாவின் கியூபெக்கில் ஜோன்கியேர் என்ற ஊர்க்காரர்கள், பிரெஞ்சு பேசுபவர்கள். பெரிய அலுமினிய ஆலை உள்ள ஊர். அந்த ஆலையின் நிழல் பாட்டில் விழுந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். ட்ரம்மர் அவே (மிஷெல் லான்ஷ்வான்) எல்லா ஆல்பங்களுக்கும் அட்டைப் படம் வரைபவரும் கூட. வொய்வோட் என்று ஒரு பிறவி, அதன் கதை ஆல்பம் ஆல்பமாக வளர்கிறது: முதலில் அணுயுத்தத்துக்குப் பிறகான பூமி, 1987-இல் ‘கில்லிங் டெக்னாலஜி’யில் விண்வெளி, 1988-இல் ‘டைமென்ஷன் ஹாட்ரோஸ்’-இல் வேறொரு பரிமாணம், 1989-இல் ‘நத்திங்ஃபேஸ்’-இல் தன் மனதுக்குள்ளேயே. நடுவில் உள்ள இரண்டும் மேற்கு பெர்லினில் ஹாரிஸ் ஜான்ஸ் பதிவுசெய்தவை, பெர்லின் சுவர் அப்போது இடிந்திருக்கவில்லை. கதை எவ்வளவு தள்ளிப் போகிறதோ இசையும் அவ்வளவு தள்ளிப் போகிறது. ‘நத்திங்ஃபேஸ்’-இல் பிங்க் ஃபிளாய்டின் ‘அஸ்ட்ரானமி டொமினி’ வரும் இடத்தில் அது வேறொருவர் பாட்டு என்றே தெரியாது, அந்த அளவுக்கு அதற்குப் பக்கத்து வீடாக இவர்கள் வந்துவிட்டிருந்தார்கள்.

தாளத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஏழு எண்ணுவது நமக்குப் புதிதில்லை, தகிட தகதிமி என்று சின்னப் பிள்ளைகளே சொல்லும். ஆனால் கச்சேரியில் தாளம் மாறாமல் நிற்கும், அதற்கு மேல் பாட்டும் மிருதங்கமும் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம், கையில் கணக்கு இருக்கும். இவர்கள் வாசிக்கும் சிக்கலான த்ராஷில், அதாவது டெக்னிகல் த்ராஷில், தரையே நகரும். நாலில் போய்க்கொண்டிருந்தது சொல்லாமல் கொள்ளாமல் ஏழாகும், இரண்டு சுற்றில் ஐந்தாகும், தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நிற்கும். நாலாவது, ஐந்தாவது தடவை கேட்கும்போது எண்ணாமலே கை சரியான இடத்தில் விழும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இந்த இசையைக் கேட்கிறேன். பாட்டு என்னை அதன் நடைக்குப் பழக்கிவிட்டிருக்கிறது.

இதே வகையில் நேர் எதிர்த் திசையில் போனவர்கள் சுவிட்சர்லாந்தில் ஜூரிக்கின் கரோனர் பேண்ட். மூன்றே பேர். செல்டிக் ஃப்ராஸ்ட் என்ற இன்னொரு மெட்டல் பேண்டின் மேடை வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள், 1986-இல் இவர்களுடைய மாதிரிப் பதிவான டெமோவில் பாடியவரும் செல்டிக் ஃப்ராஸ்டின் டாம் வாரியர்தான். வொய்வோடில் எல்லாம் உரசும், கரோனரில் எல்லாம் கடிகாரம் மாதிரி பொருந்தும். ‘நோ மோர் கலர்’ (1989) கேட்டால் கிட்டாரிஸ்ட் டாமி வெட்டெர்லியின் தனி வாசிப்புகள் ஐரோப்பிய செவ்வியல் இசையில் ஊறிய கையிலிருந்து வருகின்றன என்று உடனே தெரியும். எனக்கு அதைவிட ‘கிரின்’ (1993) பிடிக்கும், இவ்வளவு வாசிக்கத் தெரிந்த மூன்று பேர் வேகத்தைக் குறைத்து, ஒரே ரிஃப்பைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, இடைவெளிகளை அப்படியே விட்டுவைத்திருப்பதைக் கேட்கும்போது கழுத்துமயிர் சிலிர்க்கும்.

டெக்சாஸின் வாட்ச்டவர் பேண்டையும் சொல்ல வேண்டும், 1985-லேயே ‘எனர்ஜெட்டிக் டிஸ்அசெம்ப்ளி’ போட்டுவிட்டார்கள், இந்தப் பாதையில் முன்னால் நடந்தவர்கள். மதிக்கிறேன், ஆனால் அடிக்கடி கேட்பதில்லை. டார்க் ஏஞ்சல் என்ற த்ராஷ் பேண்டின் 1991 ஆல்பத்தில் 9 பாட்டு, 67 நிமிடம், 246 ரிஃப் என்று விளம்பரமே செய்தார்கள். 246-இல் எனக்கு நினைவில் நிற்பவை மிகக் குறைவு. கஷ்டமாக வாசிப்பது மட்டும் போதாது, பிக்கியின் ஒரே ஒரு கார்ட் அதைவிட அதிக நாள் என்னோடு இருந்திருக்கிறது.

பிக்கி 2005 ஆகஸ்டில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார், வயது 45. மடிக்கணினியில் அவர் பதிவுசெய்து வைத்திருந்த கிட்டார் பகுதிகள் இருந்தன, அவற்றை வைத்து மற்றவர்கள் ‘கடோர்ஸ்’ (2006), ‘இன்ஃபினி’ (2009) என்று இரண்டு ஆல்பங்களை முடித்தார்கள். அவர் இல்லாத அறையில் அவர் கிட்டாரைக் கேட்டபடி ட்ரம்ஸ் வாசித்திருக்கிறார் அவே. இந்தச் செய்தி தெரிந்த பிறகு ‘கடோர்ஸ்’-ஐ என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

அப்புறம் 2008-இல் பிக்கியின் இடத்துக்கு வந்தவர் சூயி (டேனியல் மோங்க்ரேன்). அவரும் கியூபெக்காரர். வொய்வோடில் சேர்வதற்கு முன்பே, 2006-இல், தன்னுடைய மார்ட்டிர் பேண்டின் ஆல்பத்தில் ‘டைமென்ஷன் ஹாட்ரோஸ்’-இன் ‘பிரெய்ன் ஸ்கேன்’ பாட்டை வாசித்திருந்தார். முதலில் பிக்கியுடையதையும் அடுத்து சூயியுடையதையும் போட்டுக் கேளுங்கள், ஹெட்ஃபோனில், ராத்திரி. நேற்று நான் அப்படித்தான் கேட்டேன், அந்த இறக்கிய பஞ்சமம் இரண்டிலும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது.