புளியங்கட்டைக்கு எந்த ஹூக்? 10, 7, 4 டிகிரி பிளேடுகள் ஓட்டிப் பார்த்தது

சாலை விரிவாக்கத்துக்காக வெட்டிய புளியமரத் தடிகள் கொஞ்சம் வாங்கிப் போட்டிருந்தேன். என்னிடம் இருப்பது சின்ன பேண்ட் சா மில், அதாவது சக்கரங்களில் சுற்றும் பட்டை ரம்பத்தால் தடியைப் பலகையாக அறுக்கும் இயந்திரம்: 13 எச்.பி. பெட்ரோல் எஞ்சின், 19 அங்குலச் சக்கரம், ஒன்றேகால் அங்குல பிளேடு. புளியில் வெளிச்சுற்று வெள்ளை அகலமாக இருக்கும், சாதுவாக அறுபடும். நடுவில் கருஞ்சிவப்பாக ஓடும் வைரம்தான் வம்பு. கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளியைத் தேடுவது சும்மா இல்லை. ரேகை பின்னிப் பின்னிக் கிடக்கும், எந்தப் பக்கம் போகிறதென்று கணிக்கவே முடியாது.

பிளேடு டப்பாக்களில் 10/30, 7/39, 4/32 என்று போட்டிருக்கும். முதல் எண் ஹூக். பிளேடின் முதுகுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டால், பல்லின் முகம் அதைவிட எத்தனை டிகிரி முன்னால் சாய்ந்திருக்கிறது என்ற கணக்கு. இரண்டாவது, பல்லின் பின்பக்கச் சரிவு. 90-இல் இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது பல்முனையின் ஆப்புக் கோணம்: முறையே 50, 44, 54. பேச்செல்லாம் ஹூக்கைப் பற்றியே நடக்கிறது. இந்தக் கழித்தல் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மரம் கடினமானால் ஹூக்கைக் குறை என்பது பொதுவான விதி. ஏர்க்கொழு அதிகமாகக் குத்தி நின்றால் மண்ணுக்குள் இறங்கி மாட்டை நிறுத்திவிடும் அல்லவா, அதே கதைதான். மென்மரத்தில் சாய்ந்த பல் தானாகவே இழுத்துக்கொண்டு போகும். வைரத்தில் அதே பல் கவ்விக்கொள்ளும், எஞ்சின் இறங்கும், பிளேடு மேலோ கீழோ விலகும்.

10/30 புது பிளேடு வெள்ளையில் சரளமாகப் போனது. வைரம் வந்ததும் எஞ்சின் சத்தம் கனத்தது. பலகையை எடுத்து மட்டக்கோல் வைத்தால் நடுவில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், மேடு. டென்ஷனைச் சரிபார்த்து, தள்ளும் வேகத்தைக் குறைத்ததும் அரை நூலாக இறங்கியது, முழுதாகப் போகவில்லை.

அடுத்து 4/32. மேடு போய்விட்டது, பலகை தட்டையாக வந்தது. ஆனால் இந்தப் பல் தானாக இழுக்காது, நாம்தான் தள்ள வேண்டும். என் எஞ்சினுக்கு அவ்வளவு தள்ளத் தெம்பில்லை. மெல்லத் தள்ளினால் பல் சீவுவதை விட்டுத் தேய்க்க ஆரம்பிக்கிறது. தூள் மாவாக வந்து வெட்டுவாயில் அடைகிறது, பிளேடு சூடேறுகிறது. பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீரைச் சொட்டவிட்டும் பெரிய மாற்றமில்லை.

இங்கேதான் வெட்டின் அகலம் கணக்கில் வருகிறது. என் பிளேடில் பல்லுக்குப் பல் 22 மில்லிமீட்டர். 18 அங்குல அகலத் தடியில் ஒரே நேரத்தில் இருபது பல்லுக்கு மேல் மரத்துக்குள் இருக்கும். 10 அங்குலமாகச் சதுரித்துவிட்டால் பதினொன்று, பன்னிரண்டு. இருக்கும் குதிரைத்திறனை இத்தனை பற்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. சதுரித்த தடியில் அதே 4/32 ஒழுங்காகத் தூள் தள்ளியது. மரத்தின் கடினத்தை மட்டும் வைத்து ஹூக் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய எஞ்சின்காரர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

பச்சைப் புளிக்கு நான் நிறுத்திக்கொண்டது 7/39. ஹூக் குறைவு, ஆனால் முனை மெலிசு என்பதால் குறைந்த தள்ளலிலேயே உள்ளே இறங்குகிறது. பலகையும் தட்டை. விலையாகக் கொடுப்பது கூர்மையை: மூன்றில் இதுதான் சீக்கிரம் மழுங்குகிறது. இடித்த வீட்டிலிருந்து வந்த காய்ந்த தேக்கு உத்தரங்களுக்கு இதை மாட்டுவதில்லை. தேக்கில் இருக்கும் சிலிக்கா மெல்லிய முனையைத் தின்றுவிடும். அந்த வேலைக்கு 54 டிகிரி முனைகொண்ட 4/32. உத்தரம் எப்படியும் அகலம் குறைவு, எஞ்சினும் திணறாது.

பல் விரிப்பை, அதாவது செட்டை, பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவிலேயே எல்லாவற்றிலும் வைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் செய்ததென்று தெரியாது.

சாணைக்குப் போய் வந்த பிளேடுகள்தான் குழப்பின. 10/30 ஒன்று திரும்பி வந்ததும் அறுப்பே வேறு மாதிரி இருந்தது. பிளேடின் முதுகை மூலைமட்டத்தில் ஒட்டி வைத்து, பக்கவாட்டில் நேராகப் படமெடுத்து, திரையில் கோணம் அளந்தேன். சில பற்கள் 7, சில 6. வேறொரு பட்டறையில் சாணை பிடிக்கும் பெரியவரிடம் படத்தைக் காட்டியதும் சிரித்தார்.

“கல்லு தேஞ்சு உருண்டுபோச்சுன்னா பல்லும் உருண்டுடும் தம்பி. நடுநடுவுல கல்லைச் சீவிக்கிட்டே இருக்கணும். யாரு செய்றா?”

சி.பி.என். (க்யூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான பொருள் பூசிய) சாணைச் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பல்லின் முகம், பள்ளம், முதுகு மூன்றையும் ஒரே ஓட்டத்தில் தொட்டுப் போகும், உருவமும் எளிதில் தேயாது. பள்ளத்தையும் சேர்த்துச் சீவுவதால் அங்கே தொடங்கும் நுண்ணிய விரிசல்களும் போய்விடும், பிளேடு சட்டென்று அறுந்து தெறிக்கும் ஆபத்து குறையும்.

இப்போது சாணையிலிருந்து வரும் ஒவ்வொரு பிளேடிலும் அளந்த கோணத்தைப் பெயிண்ட் பேனாவால் எழுதித்தான் மாட்டுகிறேன். சாலையோரப் புளியில் விளம்பரத் தகடு அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கிடப்பதால், முதல் ஓட்டத்துக்குப் பழைய 10/30 தான். பட்டையும் வெள்ளையும் கழிந்த பிறகு 7/39.