கப்பலூரில் ஒரு பழைய சர்வோ மோட்டார்

கப்பலூர் தொழிற்பேட்டையில் முறுக்கு, மிக்சர் பாக்கெட் போடும் ஒரு கம்பெனி. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது போன் வந்தது. "அண்ணே, ஃபிலிம் இழுக்கிற சர்வோ நின்னுபோச்சு, உடனே வாங்க."

சர்வோ என்றால் சொன்ன அளவுக்குச் சரியாகச் சுற்றி நிற்கும் மோட்டார். அதற்குக் கரண்ட் கொடுத்து ஓட்டும் டிரைவைத் திறந்தால் பவர் மாட்யூல் வெடித்துக் கிடந்தது. அந்த மாடல் உற்பத்தி நின்று பல வருஷமாகிறது. மோட்டாரை மெக்கர் வைத்துப் பார்த்தேன், இன்சுலேஷன் சுத்தம். பேரிங்கிலும் சத்தமில்லை.

மோட்டாரையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்றார் முதலாளி. எனக்கு மனசு வரவில்லை. புது மோட்டாரின் ஷாஃப்டும் ஃப்ளாஞ்சும் அந்த கியர்பாக்ஸில் உட்காராது. லேத்துக்கு அலைவதிலேயே ஒரு வாரம் போய்விடும். நல்ல மோட்டாரை எதற்குக் கழிக்க வேண்டும்?

அவசரத்தில் அவர் ஒரு டிரைவை வாங்கியும் வைத்திருந்தார். கடையில் கிலோவாட்டை மட்டும்தான் கேட்டார்களாம். ஒன்றரை கிலோவாட், அது சரிதான். ஆனால் அந்த டிரைவ் என்கோடரை மட்டுமே படிக்கும். இந்த மோட்டாரின் பின்மூடிக்குள் இருந்ததோ ரிசால்வர். இரண்டுமே ஷாஃப்ட் நிற்கும் கோணத்தைச் சொல்லும் சென்சார்தான், ஆனால் சிக்னல் வேறு. பிரஷ் இல்லாத மோட்டாரில் ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் எந்தச் சுருளுக்குக் கரண்ட் விடுவது என்று டிரைவ் முடிவு செய்யும். அதனால் நான் முதலில் பார்ப்பது கோணத்தைத் திருப்பிச் சொல்லும் இந்த ஃபீட்பேக்கை, கிலோவாட் அதற்கப்புறம்தான்.

பெயர்த்தகடு பாதி அழிந்திருந்ததால் மோட்டாரிடமே கேட்க வேண்டியதாயிற்று. கழற்றி மேஜையில் வைத்து, யு, வி ஒயர்களில் 2 ஆம்பியர் டிசி கொடுத்தேன். ஷாஃப்டைக் கையால் திருப்பினால் ஓரிடத்தில் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பலம் கொடுத்தால் அடுத்த இடத்துக்குத் தாவும். ஒரு சுற்றில் மூன்று இடங்கள். அப்படியென்றால் ரோட்டரில் மூன்று ஜோடி காந்தத் துருவம், அதாவது 6 போல்.

சப்ளையை எடுத்துவிட்டு ட்ரில்லை மாட்டிச் சுற்றினேன். அப்படிச் சுற்றினால் மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி வோல்ட் கொடுக்கும். மூன்று ஜோடிக்கு 50 ஹெர்ட்ஸ் என்றால் 1000 ஆர்பிஎம். பக்கத்தில் நின்ற எலெக்ட்ரீஷியன் தம்பி மீட்டரைப் பார்த்து "அம்பது வந்துருச்சுண்ணே" என்றபோது வோல்ட் 58. மெஷினுக்கு வேண்டிய 3000 ஆர்பிஎம்மில் 174 வரும். 230 வோல்ட் டிரைவே தாராளம்.

ரிசால்வர் பக்கம் எட்டு ஒயர், நிறமெல்லாம் எண்ணெயில் ஒன்றாகிவிட்டது. ஒரே ஓம் காட்டிய இரண்டு ஜோடிகள் கோணத்தைச் சொல்லும் சைன், கோசைன் சுருள்கள். மோட்டார் சுருளுக்குள் போன ஜோடி சூடு பார்க்கும் தெர்மிஸ்டர். மிச்சமிருந்தது எக்சைட்டேஷன், ரிசால்வர் வேலை செய்ய டிரைவ் அனுப்பும் ஏசி போகிற ஜோடி.

ரிசால்வர் படிக்கும் டிரைவ் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. எக்சைட்டேஷன் ஃப்ரீக்வென்சி, வோல்டேஜ் இரண்டையும் செட்டிங்கில் பொருத்திக்கொண்டேன். முதல் ஓட்டத்தில் மோட்டார் ஒரு வெட்டு வெட்டி ஓவர்கரண்ட் காட்டி நின்றது. நெஞ்சு திக்கென்றது. ஷாஃப்டைக் கையால் திருப்பி டிஸ்ப்ளேயைப் பார்த்தபோதுதான் புரிந்தது, கோணம் தலைகீழாக எண்ணிக்கொண்டிருந்தது. சைன் ஜோடியின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டேன். மறுபடி டிசி கொடுத்து ரோட்டரைப் பூட்டி, அப்போது காட்டிய கோணத்தை வைத்து ஆஃப்செட்டை, அதாவது ரோட்டருக்கும் ரிசால்வருக்கும் உள்ள கோண வித்தியாசத்தைப் போட்டேன். அதன்பின் சத்தமே இல்லாமல் சுற்றியது. கியர்பாக்ஸில் மாட்டி முதல் பாக்கெட் விழும்போது ராத்திரி பதினொன்று.

அளந்ததையெல்லாம் பேனல் கதவின் உட்புறம் மார்க்கரில் எழுதினேன். அந்தத் தம்பி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பாக்கெட் ஒட்டுகிற பக்கம் இன்னும் பழைய டிரைவிலேயே ஓடும் இன்னொரு மோட்டாரைக் காட்டினான். "அண்ணே, இது ஓடிக்கிட்டு இருக்கும்போதே இதையும் அளந்து எழுதிருவோமா?"

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டோம்.