தட்டில் முத்து

மதியம் ஃபோனில் ஓர் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

பாறை மேல் வெள்ளைப் பெண் ஒருத்தி. பிரிட்டானியா, அதாவது பிரிட்டன். கீழே நிற்கும் கறுத்த பெண், அதாவது இந்தியா, முத்தும் மணிமுடியுமாக ஒரு தட்டை அவளிடம் நீட்டுகிறாள். பிரிட்டானியாவின் கை அந்த முத்துகளை அளைகிறது.

பக்கத்தில் பீங்கான் ஜாடியும் தேயிலைப் பெட்டியுமாகச் சீனா. தூரத்தில் கம்பெனிக் கப்பல்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஸ்பிரிதியோனே ரோமாவிடம் சொல்லி வரையவைத்த படம் இது. 1778-இல் முடிந்தது. லண்டன் லீடன்ஹால் தெருவில் இருந்த தலைமையகத்தில், வருவாய்க் குழு கூடும் அறையின் கூரையில் பதித்தார்கள். நம் ஊர் வரிக்கணக்கைப் பேசியவர்களின் தலைக்கு மேலே!

வங்காளத்தில் வரி வசூலிக்கும் உரிமை 1765-இல் கம்பெனி கைக்கு வந்தது. ஐந்தே வருடத்தில், 1770-இல், பெரும் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். அப்போதும் வசூல் நிற்கவில்லை.

அதெல்லாம் நடந்து பத்து வருடம்கூட ஆகவில்லை, இந்தப் படம் தயார். இதில் யாரும் பறிக்கவில்லை. இந்தியா தானாகவே கொண்டுவந்து கொடுக்கிறது. இதைவிடப் பெரிய பொய்யை நான் சாயத்தில் பார்த்ததில்லை.

அதே கட்டடத்தில்தான் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளையடித்த திப்புவின் மரப்புலியையும் பின்னாளில் காட்சிக்கு வைத்தார்கள். அதையாவது யாரும் அன்பளிப்பு என்று வரையவில்லை.

கட்டடத்தை 1861-இல் இடித்துவிட்டார்கள். ஓவியம் இப்போது பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தில். அதன் பக்கத்தில் 1770 என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.