அரோகோத்

ராத்திரி மூடுபனி விலகிவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் சிவனொளிபாதமலை விளக்கு வரிசை. அக்கா மகள் கேட்டாள்: "மாமா, புளூட்டோவுக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கு?"

அரோகோத்னு ஒரு குட்டி விண்பொருள் இருக்கு என்றேன்.

36 கிலோமீட்டர் நீளம்தான். சூரியனிலிருந்து 600 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். 2014இல் ஹபிள் தொலைநோக்கி கண்டுபிடித்தது. 2019 ஜனவரி 1, நம்ம இலங்கை நேரப்படி பகல் 11 மணி சுமாருக்கு நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதைக் கடந்து போனது. அக்கா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அங்கிருந்து ஒரு செய்தி பூமிக்கு வர 6 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், ஒளியின் வேகத்தில்!

படத்தில் பார்த்தால் செம்மண் நிறத்தில் இரண்டு உருண்டைகள் ஒட்டியிருக்கும். மோதி உடையவில்லை. ஆள் நடக்கிற வேகத்தில் மெல்ல வந்து சேர்ந்து, 400 கோடி வருசத்துக்கு மேலாக அப்படியே இருக்கின்றன. கோள்கள் உருவான காலத்துப் பொருள், பெரிதாகக் கெடாமல் கிடக்கிறது. எனக்கு இதுதான் நெஞ்சை அள்ளுகிறது. பெயரும் அழகு: அமெரிக்கப் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் மொழியில் 'வானம்'.

சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 300 வருசம். நம்ம ஆட்கள் இந்தியாவிலிருந்து இங்கே கோப்பிக் காட்டுக்கு வந்தே 200 வருசம்தான். அதற்குள் அது ஒரு சுற்றுக்கூட முடிக்கவில்லை.

பிள்ளை விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "அப்ப இன்னும் 100 வருசம் இருக்கா மாமா?" என்றாள். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.